மூச்சுக்குழற் சிகிச்சையும் நோயாளர் உடல்நிலையும்

மக்கள் உணவின்றிப் பல நாள் உயிர்வாழ்தல் கூடும். நீரின்றிச் சில நாள் தாங்குதலும் கூடும். காற்றின்றியோ சில நிமிஷங்களுக்குமேல் உடல் தாங்காது. பிராணவாயு நாலைந்து நிமிஷம் கிடையாதொழியின் மூளை மீளாக் கேட்டினை அடையத் தொடங்கும். ஆதலின், மூக்கும் வாயும் தொண்டையுமாகிய இயற்கை வழி அடைபட்ட காலத்தும், நுரையீரல் தானே இயங்கமாட்டாது சுவாச இயந்திரத்தின் துணையை நெடுநாள் வேண்டிய காலத்தும், மருத்துவர் கழுத்தின் முன்புறத்தே மூச்சுக்குழலைத் திறந்து, அத்துளை வழியே ஒரு சிறு குழாயைச் செலுத்திக் காற்றுக்குப் புதுவழி செய்கின்றனர். ஆங்கில மருத்துவர் இதனை டிரக்கியாட்டமி என வழங்குவர். இக்கட்டுரையில் இதனை மூச்சுக்குழற் சிகிச்சை என்று குறிப்போம்.

இச்சிகிச்சை என்றவுடன் பொதுமக்கள் அஞ்சுவது மருத்துவரின் கத்தியையே. கழுத்தில் கத்தி படுகின்றது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் உறவினர் உள்ளம் நடுங்குதல் இயல்பே. ஆயினும், கத்தி தொழிற்படும் நேரம் சிறிது. அதன்பின் வரும் நாட்களும் வாரங்களுமே பெரிதும் கவனத்துக்குரியன. ஒரே மருத்துவர், ஒரே முறையில், இருவர் கழுத்தில் ஒரே வகையான துளை செய்தபோதிலும், ஒருவர் யாதோர் இடருமின்றித் தேறுகின்றார். மற்றொருவர் குருதிப் பெருக்காலோ, குழாய் அடைப்பாலோ, குழாய் நழுவுதலாலோ துன்புறுகின்றார். மருத்துவர் கைத்திறமும் தாதியர் பணியும் ஒத்திருக்கவும் இவ்வேற்றுமை காணப்படுமாயின், அதன் காரணத்தை நோயாளரின் உடல்நிலையிலேயே தேடுதல் வேண்டும். அக்காரணங்கள் யாவை, அவற்றை முன்னறிதலால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

வரலாறு

இச்சிகிச்சை மிகப் பழைமையானது. எனினும், இதனால் ஒரு நோயாளர் பிழைத்ததாக ஐயமின்றி எழுதிவைக்கப்பட்ட முதற் செய்தி 1546-ஆம் ஆண்டினது. இத்தாலி நாட்டுப் பெர்ராரா நகர மருத்துவராகிய அந்தோனியோ மூசா பிரசாவோலா என்பார், தொண்டையிற் சீழ்க்கட்டியால் மூச்சடைத்துக் கிடந்த ஒருவரை இம்முறையாற் காப்பாற்றினார். 1825-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுத் தூர் நகரத்தில் பியேர் பிரெத்தொன்னோ என்பார், தொண்டையடைப்பான் எனப்படும் டிப்தீரியா நோயுற்ற ஒரு சிறுமியை இதனால் உய்வித்தார். அவர் மாணவராகிய அர்மான் துரூசோ, பாரிஸ் நகரில் அந்நோயுற்ற குழந்தைகள் பலருக்கு இதனைச் செய்தார். அவர்களுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினரே பிழைத்தனர். அப்பங்கினரும் சிகிச்சையின்றேல் மூச்சடைத்து இறந்திருப்பர் என்பதை நினைவிற் கொள்ளல்வேண்டும். துளை செய்தலோடு வேலை முடிந்தது என்று துரூசோ எண்ணினாரல்லர். குழாயைத் துப்புரவாக வைத்தலும், உட்செல்லும் காற்றுக்கு வெம்மையும் ஈரமும் ஊட்டுதலுமே குழந்தையைக் காக்கும் என்று அவர் வற்புறுத்தினார்.

பின்னர் அமெரிக்க நாட்டில் செவாலியர் ஜாக்ஸன் என்னும் அறிஞர் 1909-ஆம் ஆண்டில் இச்சிகிச்சைக்குத் திட்டமான முறைகளை வகுத்தார். குரல்வளையை ஒட்டி மிக மேலே துளை செய்வதே பிற்காலத்தில் குரல்வளை சுருங்குதற்குத் தலையாய காரணம் என்பதை 1921-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். 1985-ஆம் ஆண்டில் பாஸ்குவேல் சியாக்ளியா என்பார், ஊசியாற் குத்திய சிறு துளையைப் படிப்படியாக விரித்துக் குழாய் செலுத்தும் முறையை வெளியிட்டார். படுக்கையருகிலேயே செய்யத்தக்க இம்முறை இன்று தீவிர சிகிச்சைப் பகுதிகளிற் பெரிதும் கையாளப்படுகின்றது. இங்ஙனம் சிகிச்சை முறை செம்மையுற்றதன் பயனாகக் கத்தியால் நேரும் கேடு குறைந்தது. குறையவே, நோயாளர் தம் உடலோடு கொண்டுவரும் கேடுகள் தெளிவாகப் புலப்படலாயின.

கழுத்தின் அமைப்பு

இடர்களின் காரணத்தை உணர்தற்குக் கழுத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் இன்றியமையாதது. வளர்ந்தவரின் மூச்சுக்குழல் ஏறக்குறைய 10 முதல் 12 செண்டிமீட்டர் நீளமுடையது. முன்புறம் வளைந்து பின்புறம் திறந்துள்ள 16 முதல் 20 வரையான குருத்தெலும்பு வளையங்கள் அதனை மடங்கிவிடாமல் தாங்குகின்றன. அதன் பின்னே உணவுக்குழல் உளது. முன்னே, இரண்டாவது முதல் நான்காவது வளையம் வரையில், தைராய்டுச் சுரப்பியின் இடைப்பகுதி குறுக்கே கிடக்கின்றது. சற்றுக் கீழே, மார்பெலும்பின் பின்புறத்தில், இதயத்தினின்று வலக்கைக்கும் தலைக்கும் குருதி கொண்டு செல்லும் பெருநாடி ஒன்று மூச்சுக்குழலுக்கு முன்னாகக் குறுக்கிடுகின்றது. துளை செய்தற்குரிய இடம் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது வளையங்களுக்கு இடைப்பட்டதாகும். மேலே சென்றால் குரல்வளைக்குக் கேடு; கீழே சென்றால் பெருநாடிக்குக் கேடு. ஆகவே, தக்க இடம் ஒருசில விரற்கடை அளவினதே என்பது பெறப்படும்.

நேரக்கூடிய இடர்கள்

இடர்களைக் காலவகையால் மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவன, சிகிச்சையின்போதும் அதனை அடுத்தும் நேர்வன: குருதி ஒழுகுதல், காற்று தோலின்கீழ்ப் பரவுதல், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்குதல், குழாய் தவறான வழியிற் செல்லுதல் என்பன. இரண்டாவன, முதற் சில நாட்களில் நேர்வன: சளி உறைந்து குழாய் அடைபடுதல், குழாய் நழுவுதல், புண்ணிற் கிருமி பற்றுதல் என்பன. தோலினின்று மூச்சுக்குழல் வரையுள்ள புதுவழி உறுதிப்பட ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். அதற்குள் குழாய் நழுவுமாயின் அவ்வழி மூடிக்கொள்ளும். திரும்பச் செலுத்தும் குழாய் வழிதவறித் தசையினூடே சென்றுவிடவுங் கூடும். மூன்றாவன, வாரங்களும் மாதங்களும் கழித்து நேர்வன: துளையருகே சதை வளர்தல், மூச்சுக்குழல் சுருங்குதல், வளையங்கள் நலிந்து குழல் தளர்தல், உணவுக்குழலோடு துளை உண்டாதல் என்பன. முற்கூறிய பெருநாடி குழாயால் அரிக்கப்பட்டு உடைதல் மிக அரிது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நேர்வது. முதல் மூன்று வாரங்களுக்குள்ளேயே அது பெரும்பாலும் நேர்கின்றது. நேரின் பிழைப்பவர் சிலரே. பெரும் பெருக்குக்கு முன்னர்ச் சிறிதளவு குருதி எச்சரிக்கைபோலத் தோன்றுதல் பலரிடத்தும் காணப்பட்டுள்ளது. ஆதலின், சிகிச்சை நடந்து சில நாள் கழித்துக் குழாயினின்று குருதி வருமாயின், அது சிறிதேயாயினும் பொருட்படுத்தாது விடுதல் தகாது.

இனி, இவ்விடர்களை மிகுவிக்கும் உடல்நிலைகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

வயது

வயதின் இரு எல்லைகளிலும் ஆபத்து மிகுதி. பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழல் ஏறக்குறைய 4 செண்டிமீட்டர் நீளமும், உள்ளே நாலைந்து மில்லிமீட்டர் அகலமுமே உடையது. ஒரு குழலின் ஆரம் பாதியாகக் குறையின், சீராகச் செல்லும் காற்றுக்கு அக்குழல் கொடுக்கும் தடை பதினாறு மடங்காகும் என்பது பௌதிக நூல் கூறும் விதி. ஆகவே, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயின் உட்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குச் சளி சூழ உறைந்தால், குழந்தை முன்னினும் பதினாறு மடங்கு தடையை எதிர்த்து மூச்சிழுத்தல் வேண்டும். பெரியவரின் குழாயில் அதே அளவு சளி இருப்பின், அவர் ஒருமுறை இருமி அமைவர். மேலும், குழந்தைகளின் நுரையீரல் உறையும் பெருநாடியும் கழுத்தளவும் உயர்ந்திருத்தல் உண்டு. குழந்தையின் குழாய் சிறிதாகலின் தலையைத் திருப்பிய அளவில் நழுவுதலும் எளிது. குறைமாதத்திற் பிறந்தவர்களுக்கும், ஓர் ஆண்டு நிரம்பாத குழந்தைகளுக்கும் இவ்விடர்கள் இன்னும் மிகுதி.

முதியோரின் நிலை வேறுவகையானது. அவர்தம் குருத்தெலும்பு வளையங்கள் சுண்ணம் படிந்து விறைத்திருத்தலின் விரியாமல் முறிதல் உண்டு. இருமும் வலி குன்றியிருத்தலின் சளி வெளிப்படாது தேங்கும். முதுகு கூனியவர்க்குக் கழுத்து மார்போடு ஒட்டிக்கிடக்கும். மூச்சுக்குழலின் பெரும்பகுதி மார்புக்குள் இறங்கிவிடும். தக்க இடத்தில் துளை செய்தல் அரிதாகும்.

பருமனும் கழுத்தின் நிலையும்

உடல் மிகப் பருத்தவர்க்குத் தோலுக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே கொழுப்பு திரண்டிருக்கும். வழக்கமான குழாய் அத்தூரத்தைக் கடத்தற்கு நீளம் போதாது. முதலிற் சரியாகப் பொருந்தியதுபோலத் தோன்றினும், நோயாளர் புரண்டு படுத்தபோது கொழுப்பு அசைந்து குழாயை வெளியே இழுத்துவிடும். வெளியிலிருந்து நோக்குவார்க்குக் குழாய் கழுத்திலேயே இருப்பதாகத் தோன்றும்; அதன் நுனியோ மூச்சுக்குழலை விட்டு விலகித் தசையிற் புதைந்திருக்கும். ஐக்கிய இராச்சியத்தில் சுவாசவழிச் சிகிச்சையின் இடர்களைக் குறித்து நாடளாவ நடத்தப்பெற்ற ஆராய்ச்சி ஒன்று 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தீவிர சிகிச்சைப் பகுதிகளில் மரணத்திற்கும் பெருங்கேட்டிற்கும் தலையாய காரணமாயிருந்தது கழுத்துக் குழாய் நழுவுதலே என்றும், பருத்த உடலினர் அவ்விடருக்குச் சிறப்பாக இலக்காயினர் என்றும் அது தெரிவித்தது.

குறுகிய கழுத்துடையாரும், முதுகெலும்பு முறிவால் கழுத்தைப் பின்னே சாய்க்க இயலாதவரும், தைராய்டுக் கழலையால் மூச்சுக்குழல் ஒருபுறம் ஒதுக்கப்பட்டவரும் இவ்வகையினரே. புற்றுநோய்க்காகக் கழுத்திற் கதிர்ச் சிகிச்சை பெற்றவருக்குத் தசைகள் இறுகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். புண்ணும் எளிதில் ஆறாது. தொண்டையிற் கட்டி வளர்ந்து மேல்வழி முற்றும் அடைபட்டவரோ யாவரினும் ஆபத்தான நிலையிலுள்ளார். பிறருக்குக் குழாய் நழுவினால் மூக்கும் வாயுமாகிய பழைய வழி உண்டு; இவருக்கு இரண்டாவது வழியே இல்லை.

குருதியின் தன்மை

இதயநோய்க்காகவும் குருதி உறைதலைத் தடுப்பதற்காகவும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின், ஹெப்பாரின் முதலிய மருந்துகளை உட்கொள்வோர் இக்காலத்திற் பலர். கல்லீரல் நலிந்தவர்க்குக் குருதியை உறையச் செய்யும் பொருள்கள் குறைந்திருக்கும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்குத் தட்டணுக்கள் எண்ணிற் குறையாதிருப்பினும் தம் தொழிலைச் செவ்வனே செய்யமாட்டா. இத்தகையோர்க்குக் குழாயைச் சூழக் குருதி கசிந்துகொண்டே இருத்தல் உண்டு. கசியும் குருதி உட்சென்று உறையுமாயின் அதுவே குழாயை அடைக்கும். ஆகவே, குருதிப் பெருக்கை மட்டுமன்றி மூச்சடைப்பையும் இந்நிலையினரிடத்து எதிர்நோக்குதல் வேண்டும்.

புண் ஆறும் ஆற்றல்

நீரிழிவு நோயினருக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவருக்கும், ஊட்டக் குறைவால் மெலிந்தவருக்கும் புண் ஆறுதல் தாமதமாகும். கிருமிகள் எளிதிற் பற்றும். சிகிச்சைக்கு முன்னரே வாய்வழிக் குழாயோடு பல நாள் கிடந்தவர்க்குக் குரல்வளையும் மூச்சுக்குழலும் முன்பே புண்பட்டிருக்கும். பின்னாளில் குழல் சுருங்குதற்கு இவை யாவும் துணையாகின்றன.

குருதி அழுத்தம் தாழ்ந்த நோயாளரைக் குறித்து ஒன்று கூறல்வேண்டும். சுவாச இயந்திரத்தோடு இணைக்கும் குழாயின் கீழ்ப்பகுதியைச் சூழ ஊதத்தக்க ஒரு சிறு காற்றுப்பை உண்டு. அஃது ஊதி மூச்சுக்குழலின் சுவரோடு பொருந்துதலால் இயந்திரம் செலுத்தும் காற்று மேலே கசியாது நிற்கும். அச்சுவரிலுள்ள நுண்குழல்களில் குருதி ஓடும் அழுத்தம் ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவினது. பையின் அழுத்தம் இதனை மிஞ்சினால் குருதியோட்டம் நின்று, அவ்விடத்துத் தசை மடிந்து, ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். ஆதலின் அழுத்தத்தை 20 முதல் 30 செண்டிமீட்டர் நீர் அளவுக்குள் வைத்தல் மரபு. ஆனால், குருதி அழுத்தமே குன்றிக் கிடக்கும் நோயாளருக்கு, பிறருக்குத் தீங்கு செய்யாத பையழுத்தமும் தீங்கு செய்யக்கூடும். ஒரே அளவு ஒருவர்க்குப் பாதுகாப்பும் மற்றொருவர்க்குக் கேடுமாதலை இங்கே காண்கின்றோம்.

அறிவும் நரம்பும்

பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ அறிவு மயங்கியவர் விழுங்கவும் இருமவும் வல்லரல்லர். எச்சிலும் உணவும் நுரையீரலுட் புகும். காய்ச்சலாற் பிதற்றும் நிலையினர் தம்மை அறியாமலே குழாயைப் பற்றி இழுப்பர். இவ்விரு திறத்தாரும் தம் துன்பத்தைப் பிறருக்கு உணர்த்த இயலாதவர். மேலும், இச்சிகிச்சை பெற்றவர் எவரும் பொதுவாகத் தொடக்கத்தில் வாய்திறந்து பேச மாட்டார். மூச்சு குரல்வளைக்குக் கீழேயே வெளியேறிவிடுதலால் குரல் எழாது. மூச்சு முட்டுங்காலும் அவர் கூவுதற்கில்லை. ஏனை நோயாளர் அழைத்து உதவி பெறுவர். இவருக்கோ, அருகிலிருப்பார் கண்ணே குரலாக வேண்டும்.

முன்னறிவின் பயன்

இவற்றையெல்லாம் கேட்டு, இத்தகைய நோயாளருக்குச் சிகிச்சையே கூடாது என்று ஒருவர் முடிவு செய்வராயின் அது பிழையாகும். மூச்சடைத்தவர்க்குச் சிகிச்சை செய்யாமையே எல்லாவற்றினும் பெரிய ஆபத்து. முன்னறிவின் பயன் மறுத்தலன்று; ஆயத்தமாதலே. பருத்தவருக்கு நீண்ட குழாயைத் தேர்ந்து வைக்கலாம். கழுத்தின் கனத்தையும் நாளங்களின் இருப்பிடத்தையும் ஒலியலைக் கருவியால் முன்பே அளந்து கொள்ளலாம். குருதி உறையாதவர்க்கு மருந்தை உரிய காலத்தில் நிறுத்தவோ, குறைந்த தட்டணுக்களைச் செலுத்தி நிரப்பவோ செய்யலாம். குழந்தைகளின் மூச்சுக்குழல் ஓரங்களில் நூலிழைகளைத் தைத்து வெளியே விட்டுவைத்தல் உண்டு. குழாய் நழுவின் அவ்விழைகளைப் பற்றி வழியைத் திறந்து கொள்ளலாம். ஊசித்துளை முறை குழந்தைகளுக்குப் பொதுவாக ஏற்றதன்று. அவர்க்குக் கத்தியால் திறத்தலே வழக்கம்.

அவசரமில்லாதபோது காத்திருத்தலும் ஒரு மருந்தே. இயந்திரத்தின் துணையோடிருந்த நோயாளர் 909 பேரைக் கொண்டு ஐக்கிய இராச்சியத்தில் நடந்து 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், ஒரு பகுதியினருக்கு நான்கு நாட்களுக்குள் இச்சிகிச்சை செய்யப்பட்டது. மற்றையோருக்குப் பத்து நாள் கழித்தும் தேவையாயின் செய்வதென வைக்கப்பட்டது. முப்பது நாளளவில் இரு பகுதியினர்க்கும் மரணத்தில் வேற்றுமை காணப்படவில்லை. காத்திருந்தோருள் பாதிக்குமேற்பட்டவர்க்குச் சிகிச்சையே வேண்டியிருந்ததில்லை. ஆகவே, உடல்நிலை சீர்ப்படும்வரை பொறுத்திருத்தற்கு இடமுண்டு என்பது விளங்கும்.

நோயாளரின் உறவினர் சம்மதப் பத்திரத்திற் கையெழுத்திடும்போது மருத்துவரிடம் வினவத்தக்கன சில உள. இச்சிகிச்சை இன்றே வேண்டுவதா? இவர் உட்கொள்ளும் மருந்துகளால் குருதி ஒழுகுமா? இவர் கழுத்துக்கு ஏற்ற குழாய் கைவசம் உளதா? குழாய் நழுவினால் மூக்கின் வழியே மூச்சு விட இயலுமா? நீரிழிவு உண்டென்பதையும், முன்னர்க் கதிர்ச் சிகிச்சை பெற்றதையும், இதயத்திற்கு மருந்துண்பதையும் மருத்துவர் வினவாவிடினும் தாமே கூறுதல் உறவினர் கடமையாகும்.

காவல்

இங்குக் கூறிய எல்லாவற்றிற்கும் முடிமணியாக 1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கோப்பன்ஹேகன் நகரில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி அமைவேன். அவ்வாண்டு அந்நகரில் இளம்பிள்ளைவாதம் கொடிதாகப் பரவியது. மூச்சியங்கும் தசைகள் செயலற்றுப் பிளெக்டாம் மருத்துவமனையில் முதலிற் சிகிச்சை பெற்ற 31 பேருள் 27 பேர் மூன்று நாட்களுக்குள் மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூச்சுக்குழலைத் திறந்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தி அவளைப் பிழைப்பித்தார். எல்லார்க்கும் அங்ஙனம் செய்தற்கு இயந்திரங்கள் இல்லை. ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முன்வந்தனர். ஒரே வேளையில் எழுபதுபேர் வரை மூச்சுத்துணை வேண்டிக்கிடந்த காலத்தும், அவர்கள் முறைவைத்து இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து பையை அழுத்தினர். நூற்றுக்கு 80-க்கு மேலிருந்த மரணம் ஏறக்குறைய 40 அளவாக இறங்கியது. துளை செய்தது மருத்துவர் கத்தி. உயிரைக் காத்ததோ மாணவர்தம் உறங்காத காவல்.

நம் கல்லூரி மாணவருட் சிலர் மருத்துவராவர், சிலர் தாதியராவர், ஏனையோரும் என்றேனும் ஒருநாள் தம் வீட்டில் இத்தகைய நோயாளரைப் பேண நேரலாம். அங்ஙனம் நேருங்கால், உட்குழாயை உரிய வேளையில் எடுத்துக் கழுவுக. காற்றுக்கு ஈரமூட்டுக. அதே அளவுள்ள குழாய் ஒன்றையும், அதனிற் சிறியது ஒன்றையும் எப்போதும் அருகில் வைத்திருக்க. நோயாளர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணியும், எழுதுதற்கு ஒரு பலகையும் வைக்க. யாவற்றினும் மேலாக, இவர் யார், இவர் உடலில் ஆபத்து எவ்விடத்தே மறைந்துளது என்பதை முன்னரே அறிந்து, அவ்விடத்தின்மேற் கண்வைத்திருக்க. குரலற்றவர்க்கு நாம் செய்யத்தக்க பேருதவி இதுவேயாம்.